நாடா தீர்ந்தது, பாட்டு தீரவில்லை: பீட்டில்ஸ் குழுவின் கடைசி மேடையைப் பிடித்த ஒரு கேசட்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய கேசட் இருக்கிறது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தாத்தா பாடியதை அப்பா பதிவு செய்தது. முதல் பாட்டு முழுதாக இருக்கும். இரண்டாவது பாட்டில் தாத்தா குரலை மேலே எடுத்துக்கொண்டு போகும்போது 'டக்' என்று நின்றுவிடும். திருப்பிப் போட்டால் அந்தப் பக்கத்தில் வேறு ஏதோ சினிமாப் பாட்டு. அன்றைக்குத் தாத்தா மீதியை எப்படிப் பாடி முடித்தார் என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

நம் வீடுகளில் பலருக்கும் இப்படி ஓர் அனுபவம் இருக்கும். ஆனால், இதே கதி உலகமே கொண்டாடிய ஓர் இசைக்குழுவுக்கும் நேர்ந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலிருந்து வந்த பீட்டில்ஸ் குழு, கட்டணம் வாங்கி நடத்திய கடைசி மேடை நிகழ்ச்சி அமெரிக்காவில் நடந்தது. அதைப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று குழுவினர் கேட்டுக்கொண்டதால் எடுக்கப்பட்ட ஒலிப்பதிவு, கையடக்கமான ஒரு கேசட் ரிக்கார்டரில் எடுக்கப்பட்டது. கடைசிப் பாட்டு முடிவதற்குள் அந்த நாடா தீர்ந்துவிட்டது.

காற்றடிக்கும் திடலில் 11 பாடல்கள்

1966ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை இரவு. இடம், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள கேண்டில்ஸ்டிக் பார்க். அது பேஸ்பால் விளையாட்டுத் திடல். வளைகுடாவை ஒட்டி இருப்பதால் ஆகஸ்டு மாதத்திலும் குளிர்காற்று வீசும் இடம் என்று பெயர் பெற்றது.

பீட்டில்ஸ் வருகிறது என்றால் கூட்டம் அலைமோதும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அன்று அப்படி நடக்கவில்லை. ஏறக்குறைய 42,500 பேர் அமரக்கூடிய அந்தத் திடலில் சுமார் 25,000 டிக்கெட்டுகளே விற்பனையாயின. மேல் அடுக்குகளில் பல இருக்கைகள் காலியாகக் கிடந்தன. ஏற்பாட்டாளர்களுக்கு நட்டம்.

மேடை திடலின் நடுப்பகுதியில் போடப்பட்டிருந்தது. உயரம் சுமார் ஐந்து அடி. சுற்றிலும் ஆறு அடிக் கம்பி வேலி. ரசிகர்கள் தாவி வந்துவிடக்கூடாது என்பதற்காக அந்த வேலி. பாடகர்களைத் திடலுக்குள் கொண்டு வரவும், முடிந்ததும் வெளியேற்றவும் வங்கிப் பணம் ஏற்றிச் செல்வது போன்ற கவச வண்டி பயன்பட்டது.

முதலில் வேறு சில குழுக்கள் பாடின. இரவு 9.27 மணிக்கு பீட்டில்ஸ் மேடை ஏறியது. ஜான் லென்னனுக்கு வயது 25, ரிங்கோ ஸ்டாருக்கு 26, பால் மெக்கார்ட்னிக்கு 24, ஜார்ஜ் ஹாரிசனுக்கு 23. மொத்தம் 11 பாடல்கள். ஏறக்குறைய 33 நிமிடங்களில் எல்லாம் முடிந்தது.

இது கடைசி நிகழ்ச்சி என்று யாரும் அறிவிக்கவில்லை. வந்திருந்த 25,000 பேருக்கும் அது தெரியாது. மேடையில் நின்ற நால்வருக்கு மட்டும் மனத்தில் தெரிந்திருந்தது. அதனால்தான் அவர்கள் கேமரா ஒன்றை மேடைக்குக் கொண்டுவந்து, பாடல்களுக்கு நடுவே தங்களையும் கூட்டத்தையும் தாங்களே படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஏன் மேடையே வேண்டாம் என்றார்கள்?

அந்த ஆண்டில் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் காரணம் விளங்கும்.

ஜூன் மாத இறுதியில் குழு ஜப்பானுக்குப் போனது. தோக்கியோவில் தற்காப்புக் கலைக்காகக் கட்டப்பட்ட புடோக்கான் மண்டபத்தில் ராக் இசையா என்று எதிர்ப்பு கிளம்பியது. போலீஸ் காவல் பலமாகப் போடப்பட்டது. குழுவினர் ஹோட்டல் அறையை விட்டு வெளியே போக முடியாத நிலை.

அடுத்து நம் பக்கத்து நாடான பிலிப்பீன்ஸ். ஜூலை 4ஆம் நாள் மணிலாவில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. அதே நாளில் அதிபரின் மனைவி இமெல்டா மார்க்கோஸ் அரண்மனையில் வைத்திருந்த விருந்துக்குக் குழுவினர் போகவில்லை. அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் போலீஸ் பாதுகாப்பு விலக்கப்பட்டது. விமான நிலையத்தில் மின்படிக்கட்டுகூட நிறுத்தப்பட்டது. குழுவினரும் உடன் வந்தவர்களும் தள்ளுமுள்ளுக்கு ஆளாகி, ஒருவழியாக விமானம் ஏறினார்கள். திரும்பும் வழியில் டில்லியில் இறங்கினார்கள். அங்கே ஜார்ஜ் ஹாரிசன் ஒரு சித்தார் வாங்கினார். மேடையைவிட வேறொன்றில் அவர் மனம் போய்விட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகஸ்டில் அமெரிக்கா. அதற்கு முன்பே அங்கே வேறொரு நெருப்பு பற்றிக்கொண்டது. பீட்டில்ஸ் இப்போது ஏசுவைவிடப் பிரபலம் என்ற பொருளில் ஜான் லென்னன் லண்டன் நாளேடு ஒன்றுக்கு மார்ச் மாதம் கூறியிருந்தார். இங்கிலாந்தில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அமெரிக்க இளையோர் இதழ் ஒன்று அதை எடுத்து வெளியிட்டதும், தென் மாநிலங்களில் சில வானொலி நிலையங்கள் அவர்களுடைய பாடல்களை நிறுத்தின. சில ஊர்களில் இசைத்தட்டுகளைக் குவித்து எரித்தார்கள். சிக்காகோவில் லென்னன் செய்தியாளர்கள் முன் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 19ஆம் நாள் மெம்ஃபிஸ் நகரில் பாடிக்கொண்டிருந்தபோது யாரோ பட்டாசைக் கொளுத்திப் போட்டார்கள். துப்பாக்கிச் சூடு என்று நினைத்து, சுட்டது யாரை என்று நால்வரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்களாம். இரண்டு நாள் கழித்து செயின்ட் லூயிஸில் கொட்டும் மழையில், மேலே சரியான கூரையில்லாத மேடையில் மின்சாரக் கருவிகளோடு பாடினார்கள். அதுவரை மேடையை விட மனமில்லாமல் இருந்தவர் பால் மெக்கார்ட்னி. அந்த மழை இரவுக்குப் பிறகு அவரும் மற்ற மூவரோடு சேர்ந்துவிட்டார்.

தன் பாட்டு தனக்கே கேட்கவில்லை

பயமும் களைப்பும் மட்டும் காரணமல்ல. இசை கேட்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

இன்று எந்தக் கச்சேரி மேடையிலும் பாடகர் காலடியில் ஒரு ஸ்பீக்கர் அவரை நோக்கி இருக்கும். இல்லையென்றால் காதுக்குள் ஒரு சிறு கருவி இருக்கும். தான் பாடுவது தனக்குக் கேட்டால்தானே சுருதி நிற்கும்? 1966இல் பீட்டில்ஸ் மேடையில் அந்த வசதி இல்லை. அவர்களுடைய ஆம்ப்ளிஃபயர்கள் சக்தி 100 வாட். இன்று ஒரு கல்யாண மண்டபத்துக்கே அது போதாது என்பார்கள். குரல் வெளியே போவது பெரும்பாலும் திடலில் அறிவிப்பு செய்வதற்கென்று பொருத்திய ஒலிபெருக்கிகள் வழியாக. ஆட்டக்காரர் பெயரைச் சொல்வதற்கு அது போதும். நான்கு குரல் இசைக்குப் போதாது.

எதிரே ஆயிரக்கணக்கான ரசிகர்களின் ஓயாத கூச்சல். பின்னால் உட்கார்ந்து டிரம் அடித்த ரிங்கோ, முன்னால் நிற்கும் மூவரும் உடம்பை அசைப்பதைப் பார்த்துத்தான் பாட்டு எந்த இடத்தில் போகிறது என்று தெரிந்துகொண்டதாகப் பின்னாளில் கூறியிருக்கிறார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஆகஸ்ட் 5ஆம் நாள்தான் அவர்களுடைய 'ரிவால்வர்' இசைத்தட்டு வெளிவந்தது. நாடாவைத் தலைகீழாக ஓடவிட்டும், வெட்டி ஒட்டி வளையமாகச் சுழலவிட்டும், வயலின் கலைஞர்களைச் சேர்த்தும் செய்த பாடல்கள் அதில் உண்டு. அவற்றை நான்கு பேர் மேடையில் நின்று வாசிக்க முடியாது. அதனால் சான் பிரான்சிஸ்கோ மேடையில் அந்தப் புதிய இசைத்தட்டிலிருந்து ஒரு பாட்டும் இடம்பெறவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்கள் வெகுதூரம் போய்விட்டார்கள். மேடையில் மட்டும் பழைய இடத்திலேயே நின்றார்கள்.

ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம்

இப்போது அந்தக் கேசட்டுக்கு வருவோம்.

டோனி பாரோ என்பவர் குழுவின் பத்திரிகைத் தொடர்பு அதிகாரி. அன்று நிகழ்ச்சிக்குச் சற்று முன்னர், இதைப் பதிவு செய்துவிடுங்கள் என்று பால் மெக்கார்ட்னி அவரைக் கேட்டுக்கொண்டார். பாரோவிடம் இருந்தது செய்தியாளர் சந்திப்புகளுக்குப் பயன்படும் சின்ன ரிக்கார்டர். திடலில் நின்றபடி மைக்கை உயர்த்திப் பிடித்துப் பதிவு செய்தார்.

அன்று கேசட் என்பது புதுப்பொருள். நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1963இல்தான் அதை பெர்லின் கண்காட்சியில் அறிமுகம் செய்தது. நான்கு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள நாடா, வினாடிக்கு ஐந்து செண்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான வேகத்தில் ஓடும். 60 நிமிடக் கேசட்டில் சுமார் 90 மீட்டர் நாடா இருக்கும். ஆனால், அது இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்து 60 நிமிடம். ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம்தான். முப்பதாவது நிமிடத்தில் யாராவது எடுத்துத் திருப்பிப் போட வேண்டும்.

நிகழ்ச்சியோ 33 நிமிடம். கணக்கு இங்கேதான் இடித்தது. பதினோராவது பாட்டான 'லாங் டால் சாலி' தொடங்கிச் சிறிது நேரத்தில் நாடா முடிந்துவிட்டது. பாரோ அதைத் திருப்பிப் போடவில்லை.

அந்தப் பாட்டு சாதாரணப் பாட்டல்ல. கறுப்பினப் பாடகர் லிட்டில் ரிச்சர்ட் 1956இல் பாடிப் புகழ்பெற்றது. பீட்டில்ஸ் பெயர் தெரியாத காலத்திலிருந்தே பால் உச்சக் குரலில் பாடிவந்த பாட்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேடைகள் கண்ட ஒரு குழு எப்படி முடித்தது என்பதைச் சொல்லும் அந்த இறுதிப் பகுதி மட்டும் நாடாவில் இல்லை. மேடையை விட்டு இறங்கும்போது ஜான் லென்னன் தம் கித்தாரில் 'இன் மை லைஃப்' பாட்டின் தொடக்க ஓசையை மீட்டிவிட்டுப் போனதாகப் பாரோ பின்னர் எழுதியிருக்கிறார். அதுவும் நாடாவில் இல்லை.

பூட்டிய இழுப்பறையிலிருந்து வெளியே வந்த பதிவு

பாரோ மூல நாடாவைப் பாலிடம் கொடுத்தார். தமக்கென்று ஒரே ஒரு நகல் எடுத்து, அலுவலக மேசை இழுப்பறையில் பூட்டி வைத்ததாகக் கூறியிருக்கிறார். ஆனாலும் ஆண்டுகள் பல கழித்து அந்தப் பதிவு கள்ள இசைத்தட்டாக வெளியில் உலவத் தொடங்கியது. அவற்றிலும் கடைசிப் பாட்டு அதே இடத்தில் அறுந்து நின்றது. ஆகவே, அந்த இரண்டு நாடாக்களில் ஒன்றிலிருந்துதான் அது கசிந்திருக்க வேண்டும். எப்படி என்பது பாரோ 2016இல் காலமாகும் வரை அவிழாத முடிச்சாகவே இருந்தது.

கேட்பதற்கு அது இனிமையான பதிவல்ல. கூச்சல், காற்று, தூரத்திலிருந்து வரும் கித்தார் ஒலி. ஆனால், பாடல்களுக்கு நடுவே அவர்கள் பேசுவது கேட்கிறது. அந்தக் குளிர்காற்றை அருமையான கடற்காற்று என்று பால் கேலி செய்வது கேட்கிறது. களைத்துப்போன நான்கு இளைஞர்கள் கடைசி முறையாக ஒரு கூட்டத்தின் முன் வேடிக்கை பேசுகிறார்கள். கூட்டத்துக்கு மட்டும் அது கடைசி முறை என்று தெரியாது. அந்தப் பதிவின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

இதற்கு முன்னரே, 1964இலும் 1965இலும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஹாலிவுட் பவுல் அரங்கில் கேப்பிட்டல் நிறுவனம் நல்ல கருவிகளைக் கொண்டு பீட்டில்ஸ் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்திருந்தது. அங்கும் கூச்சல் பாட்டை விழுங்கியதால் 1977 வரை அவற்றை வெளியிடவில்லை. 2016இல் புதிய தொழில்நுட்பத்தால் கூச்சலைக் குறைத்து மீண்டும் வெளியிட்டார்கள். ஆனால், கேண்டில்ஸ்டிக் பதிவைக் குழுவின் நிறுவனம் முறையான இசைத்தட்டாக வெளியிட்டதில்லை. இருக்கும் ஒலியை எந்தத் தொழில்நுட்பத்தாலும் தெளிவாக்கலாம். பதிவாகாத ஒலியை மீட்க முடியாது.

அதன் பிறகு

அன்றிரவே குழு லாஸ் ஏஞ்சலிஸுக்கு விமானம் ஏறியது. இனி நான் பீட்டில் இல்லை என்ற பொருள்பட ஜார்ஜ் இருக்கையில் சாய்ந்து சொன்னாராம். அடுத்த மாதமே இந்தியாவுக்குப் போய்ப் பண்டிட் ரவி சங்கரிடம் சித்தார் பயின்றார்.

மேடையை விட்டதால் குழு அழிந்துவிடவில்லை. முதல் இசைத்தட்டுக்காக 1963இல் ஒரே நாளில் 10 பாடல்களைப் பதிவு செய்தவர்கள், 1966 நவம்பரில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்து மாதக்கணக்கில் உழைத்தார்கள். அதன் பலனாக 1967இல் 'சார்ஜண்ட் பெப்பர்' வெளிவந்தது. 1969 ஜனவரி 30இல் லண்டனில் தங்கள் அலுவலகக் கட்டடத்தின் மொட்டை மாடியில் முன்னறிவிப்பின்றி வாசித்தார்கள். டிக்கெட் கிடையாது. அதுவே பொதுமக்கள் முன்னால் அவர்களுடைய கடைசி இசை.

கேண்டில்ஸ்டிக் திடல் இடிக்கப்படுவதற்கு முன், 2014 ஆகஸ்ட் 14இல் அங்கே இறுதி நிகழ்ச்சியை நடத்தியவர் பால் மெக்கார்ட்னி. அப்போது அவருக்கு வயது 72. 48 ஆண்டுகளுக்கு முன் நாடாவில் அறுந்துபோன அதே 'லாங் டால் சாலி'யை அவர் அங்கே மீண்டும் பாடினார். இம்முறை அது முழுதாகப் பதிவானது. மறு ஆண்டு திடல் இடிக்கப்பட்டது.

நம் ஊரிலும் அந்த அலை

இந்த இசை நமக்கு அந்நியமும் அல்ல. அறுபதுகளில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கித்தார் குழுக்கள் முளைத்தன. அந்த மலாய்ப் பாடல்களுக்குப் 'பாப் யே யே' என்ற பெயரே பீட்டில்ஸ் பாட்டில் வந்த 'யே யே' ஒலியிலிருந்து பிறந்தது என்பார்கள். சிங்கப்பூரின் தி குவெஸ்ட்ஸ் குழு 1964இல் வெளியிட்ட 'ஷாண்டி', உள்ளூர்ப் பாடல் வரிசையில் பீட்டில்ஸ் பாட்டையே முந்தி முதலிடம் பிடித்தது. அன்று இளைஞர்களாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிய தாத்தா பாட்டிகள். வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் அலமாரியில் என்ன இருக்கிறது?

உலகிலேயே அதிகம் விற்பனையான குழு ஒன்றின் கடைசிக் கச்சேரிக்கே கிடைத்தது ஒரு சின்ன ரிக்கார்டர்தான். அப்படியிருக்க, தோட்டத்துத் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, கல்யாண வீட்டுப் பாட்டு, பாட்டியின் தாலாட்டு இவற்றுக்கெல்லாம் வேறு யார் பதிவு வைத்திருக்கப் போகிறார்கள்? நம் வீட்டுக் கேசட்டுதான் ஒரே சாட்சி. பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இல்லை. குரல் மட்டும் நாடாவில் இருக்கிறது.

நம் நாட்டு ஈரக்காற்றில் நாடா எளிதில் பூசணம் பிடிக்கும். வெள்ளைப் படலம் தெரிந்தால் அப்படியே ஓடவிடாதீர்கள். நாடா அறுந்துவிடலாம், கருவியும் கெடும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். நல்ல நிலையில் இருந்தால், மேல் விளிம்பிலுள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். தவறிப் பதிவு பொத்தானை அழுத்தினாலும் பழையது அழியாது. பிறகு, கேசட் பிளேயரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு வயரைக் கணினிக்கு இணைத்து, ஆடாசிட்டி போன்ற இலவசச் செயலியில் பதிவு செய்யலாம். 30 நிமிடக் கேசட் பக்கத்துக்கு 30 நிமிடம் ஆகும், அவசரப்பட முடியாது. இரண்டு இடங்களில் நகல் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாடியது யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். பதிவு செய்தவர் பாரோ என்பதும், கேட்டவர் பால் என்பதும் தெரிந்ததால்தான் அந்தக் கேசட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பெயர் எழுதாத நாடா, இரண்டு தலைமுறைக்குப் பிறகு வெறும் பிளாஸ்டிக்.

தாத்தாவின் கேசட்டைப் போன வாரம் கணினிக்கு மாற்றினேன். இரண்டாவது பாட்டு இப்போதும் அதே இடத்தில்தான் நிற்கிறது. அது எந்தப் பாட்டு என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் மீதியைப் பாடிக் காட்டினார். அதையும் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன்.